எதிர்வீட்டுக் கக்கூஸ்

போனவள் போனவள்தான். இன்னும் வெளியே வரவில்லை. வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கிறது, குழாயை மூட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது. புடவை மாற்றியாகிவிட்டது, தலை வாரியாகிவிட்டது, ஆதார் கார்டைப் பையில் போட்டாகிவிட்டது, இப்போது தையல் மிஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக் கக்கூஸ் கதவை நானே முறைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஒரு போலீஸ்காரி, கான்ஸ்டபிள் சுகன்யா. தட்டலாம். தட்டி, அடியே வெளியே வா, நான் எங்கே போகிறேன் என்று உனக்கும் தெரியும், தெரிந்துகொண்டே இத்தனை நேரம் உள்ளே நின்றால் என்ன அர்த்தம் என்று கேட்கலாம். கை எழவில்லை. தெரியாமலா இருக்கும் அவளுக்கு? நேற்று சாயங்காலம் ஏட்டையா வந்து, செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டு, எவ்வளவு மரியாதையாகப் பேசினார். "பரிமளாக்கா, நீங்க எங்க குடும்பம் மாதிரி. சப் கலெக்டர் ஆபீஸ் அது இதுன்னு எதுக்கு அலையுறீங்க, உங்க உடம்புக்கு ஆகாது." என் உடம்புக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கிறேன். குடும்பமாம் குடும்பம். குடும்பத்தில் ஒருத்தன் கையை உடைத்து, அவனை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துப் பேப்பருக்குக் கொடுப்பார்களா? அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் சாப்பிடவே இல்லை. காலேஜ் பஸ் ஓட்டுகிற மனுஷன், இந்தப் பெரிய ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் வளைக்கிறவர், தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு, "ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல குடியிருந்துக்கிட்டு நமக்கு எதுக்குடி இந்த வேலை, நாளைக்கு என் லைசென்சுல கை வைப்பானுங்க" என்றார். வைப்பார்கள்தான். இல்லையென்று நான் சொல்லவில்லை. அதற்காக?

அதற்காகப் பூவரசன் தங்கக்கட்டி என்றும் சொல்லவில்லை. இந்தத் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். பழைய கேனுக்குப் புது மூடி போட்டுக் கொண்டுவருவான், கேட்டால், "நல்ல தண்ணிதான்க்கா, குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று பல்லைக் காட்டுவான். ஒருநாள் கேனைத் தூக்கி வாசலிலேயே விட்டெறிந்துவிட்டேன். எனக்கு அவனைப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. யாரிடமோ செல்போனைப் பறித்தான் என்று இழுத்துக்கொண்டு வந்தார்கள். பறித்திருக்கலாம், பறிக்காமலும் இருந்திருக்கலாம், அதைச் சொல்ல ஒரு கோர்ட் இருக்கிறது, கோட்டு போட்டவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் அவன் படம். வலது கை முழுக்க மாவுக்கட்டு, இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறான், கண் எங்கேயோ பார்க்கிறது. போலீஸ் ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது என்று போட்டிருந்தது. இந்த நாட்டில் பிடிபட்ட ஒவ்வொருத்தனும் கழிவறையில்தான் வழுக்கி விழுகிறான். ஒரு இன்ஸ்பெக்டர் வழுக்கி விழுந்தார், ஒரு ஏட்டு வழுக்கி விழுந்தார் என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா? அவர்கள் காலில் மட்டும் என்ன பசையா தடவியிருக்கிறது? ஊரே சிரித்தது. டீக்கடை மாசிலாமணி பேப்பரை எல்லாருக்கும் விரித்துக் காட்டி, "நல்லாப் பெசஞ்சு போட்டிருக்கானுங்கய்யா மாவு" என்றான், குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், என் வீட்டுக்காரரும் சிரித்தார், நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். பையன் பேர் போட்டிருந்தது, அப்பன் பேர் போட்டிருந்தது, வயது, தெரு, கதவு எண்ணைத் தவிர எல்லாம் போட்டிருந்தது. அடித்தவனுக்கு மட்டும் 'போலீசார்'. அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் போய் ஒளிந்துகொள்ளலாம். ஒளிந்தவன் பேர் ராஜமாணிக்கம். இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம், இடுப்பு நாற்பத்திரண்டு. பேண்ட்டைப் பிரித்து அகலம் விட்டுக் கொடுக்கிறவள் நான், இந்த ஸ்டேஷனில் யாருக்கு எவ்வளவு சுற்றளவு கூடியிருக்கிறது என்று எஸ்.பி.க்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதோ மிஷின் மேலேயே கிடக்கிறது அவருடைய காக்கி பேண்ட், பாதி பிரித்தபடி. கேட்டு ஆள் அனுப்பவில்லை, நானும் தைக்கவில்லை. ராஜமாணிக்கம். சொன்னால் வாயா வெந்துவிடும்? இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் 'அவரு' என்கிறார்கள்.

தண்ணீர் நின்றுவிட்டதா? இல்லை. வேறு மாதிரி கேட்கிறது, முகம் கழுவுகிறாளோ என்னவோ. எத்தனை தடவை கழுவுவாள். சிரித்தவர்கள் சிரிப்பு ஏன் நின்றது என்றால் அந்தக் கையால் நின்றது. கிளைச் சிறையில் விரல் எல்லாம் கறுக்கிறது, கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அவன் கத்தியிருக்கிறான், நடிக்கிறான் என்று விட்டுவிட்டார்கள். நாற்றம் வந்தபிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். கேன் தூக்குகிறவனுக்கு வலது கை. அவன் அம்மா சந்தையில் கீரைக் கட்டோடு நிற்கும்போது என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை, "அக்கா, கீரை வேணுமா" என்றாள், அவ்வளவுதான், எனக்கு அங்கேயே வாய் திறந்துகொண்டது. "அந்தக் கக்கூசுல உன் மகன் வழுக்கி விழுந்திருக்க முடியாதுடி, அது பல மாசமா அடைச்சுக் கெடந்துச்சு, நான் வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். சந்தையில் சொன்னால் சங்கு ஊதின மாதிரிதான், நான் வீடு வந்து சேருவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. வக்கீல்கள் கோர்ட்டுக்கு வெளியே உட்கார்ந்து கோஷம் போட்டபிறகு சப் கலெக்டர் விசாரணை என்று அறிவிப்பு வந்தது, விவரம் அறிந்தவர்கள் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கலாம் என்று. விவரம் அறிந்தவர்களாம். தெரு முழுக்க அறிந்தவர்கள். போகிறவள் நான் ஒருத்தி. போய் என்ன? ஒவ்வொருத்தராக உள்ளே கூப்பிட்டு எழுதிக்கொள்வார்கள், அறிக்கை மேலே போகும், மேலே போனது மேலேயே இருக்கும். இதற்கு முன்னால் எத்தனை விசாரணை நடந்தது, ஒன்றின் அறிக்கையாவது ஊருக்கு வாசித்துக் காட்டினார்களா? நான் சொன்னது ராஜமாணிக்கத்துக்குத் தெரிந்துவிடும், ஊருக்குத் தெரியாது. இதுதான் ஏற்பாடு. நன்றாக இருக்கிறது ஏற்பாடு.

சரி, உள்ளே கூப்பிடுவார்கள். என்னம்மா உங்களுக்குத் தெரியும்? ஐயா, அந்தக் கழிவறை மழைக்காலத்திலிருந்தே அடைப்பு, தண்ணீர் மேலே ஏறி வந்துவிட்டது, அதற்குள்ளே பிடித்து வந்த சாராய பாட்டிலை எல்லாம் அடுக்கி வெளியே பூட்டுப் போட்டுவிட்டார்கள், ஒரு மனுஷன் உள்ளே காலை வைக்கவே முடியாது, அப்புறம் எங்கே வழுக்குவது? நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா? இல்லை. அப்புறம் எப்படித் தெரியும்? இங்கேதான். ஒவ்வொரு தடவையும் இங்கேதான் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். விடியற்காலையில் பால் காய்ச்சும்போதும் இங்கேயே வந்து நின்றேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எப்படித் தெரியும் என்றால், ஐயா, அங்கே இருக்கிற பொம்பளைப் போலீஸ் எல்லாம் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். ஆம்பளைகளுக்கு என்ன, அவர்களுக்கு ஊரே கக்கூஸ், பெட்ரோல் பங்க் சுவர் இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது. பொம்பளைக்கு என் வீடு. யார் வருவார்கள்? பேர் சொல்லுங்கள். முதலில் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள், இரண்டு பேர் மாற்றலாகிப் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது. மிச்சம் ஒருத்தி. அந்த ஒருத்தி இப்போது உள்ளே என் சோப்பைப் போட்டு முகம் கழுவிக்கொண்டிருக்கிறாள். பேர் சொல்லாமல் விட்டால்? 'யாரோ வந்தார்கள்' என்றால் சப் கலெக்டர் சிரிப்பார். சின்ன வயசுக்காரராம், வடக்கிலிருந்து வந்தவராம், தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாராம், யாரோ என்றால் யார் என்று கேட்கத் தமிழே வேண்டாம். பேர் சொன்னால் இவள் போச்சு. முதலில் மெமோ, அப்புறம் எங்கேயோ கண்காணாத ஊருக்கு மாற்றல், அப்புறம் ஏதாவது ஒரு பழி, சீருடையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். அப்பன் செங்கல் சூளையில் வேலை செய்கிறவன், இவள் வெறுங்காலோடு மைதானத்தில் ஓடி ஓடி வேலை வாங்கினாள், கீழே இரண்டு தங்கச்சி. எல்லாம் எனக்குத் தெரியும், இந்தக் கதவுக்கு வெளியே நின்று பெல்ட்டை மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஒருதடவை மந்திரி வருகிறார் என்று காலையிலிருந்து ரோட்டோரம் நிற்கவைத்துவிட்டார்கள், நகரக்கூடாதாம், ஓடி வந்தவள் வாசல்படியிலேயே அழுதுவிட்டாள், பேண்ட் எல்லாம் கறை. நான்தான் என் நைட்டியைக் கொடுத்துவிட்டுக் காக்கியைத் துவைத்துப் போட்டேன். அதிலிருந்து அவளுக்கென்று உள்ளே அலமாரியில் ஒரு நாப்கின் பாக்கெட் எப்போதும் வாங்கி வைத்திருக்கிறேன். நான் என்ன அவளுக்கு அம்மாவா, அத்தையா? ஒன்றுமில்லை. எதிர்வீடு. எதிர்வீட்டுக்காரி வாயில்தான் இப்போது அவள் சோறு இருக்கிறது. சனியன் பிடித்த நிலைமை.

ஆனால் இவளை நினைத்து உருகுகிறேனே, இவள் என்ன செய்தாள் அன்றைக்கு? அதை ஏன் மறக்கிறேன். விளக்கு வைக்கிற நேரம், ஸ்டேஷன் பின்பக்கத்து அறையிலிருந்து சத்தம் வந்தது, முதலில் ஆட்டைக் கட்டிப்போட்டு யாரோ என்னவோ செய்கிறார்கள் என்று நினைத்தேன், அப்புறம் "அம்மா" என்று தெளிவாகக் கேட்டது. மாசிலாமணி ரேடியோவைச் சத்தமாக வைத்தான். நான் ரோட்டைத் தாண்டிப் போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா நடக்குது உள்ள" என்று கேட்டேன், காவலுக்கு நின்றவன், "ஒண்ணுமில்லக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று கையைப் பிடித்துத் திருப்பிவிட்டான். திரும்பி வந்தால் இவள் என் வீட்டுக்குள் இருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே நிற்கிறாள். காதில் விழக்கூடாதாம். எனக்கு மட்டும் விழலாம், தெருவுக்கு விழலாம், பெற்றவளுக்கு விழலாம், சட்டையில் நட்சத்திரம் இல்லாவிட்டாலும் சட்டை போட்டவள், அவள் காதில் விழக்கூடாது. வெளியே வந்தவளிடம், "நீ உள்ள போய் நிறுத்தச் சொல்லலாம்ல" என்று கேட்டேன். "நான் ரிசப்ஷன்க்கா" என்றாள். அதுதான் அவள் சொன்ன பதில். நான் ரிசப்ஷன். வருகிறவர்களை உட்காரவைத்து என்ன பிரச்சினை என்று கேட்கிற மேஜையாம் அது. அன்றைக்கே அவளை வெளியே பிடித்துத் தள்ளிக் கதவில் பூட்டைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை, மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள், எங்கே போவாள். இப்போது பேர் சொல்வதற்கு மட்டும் ஏன் இத்தனை தயக்கம்? கேட்டும் வாயைத் திறக்காமல் இருந்தவள்தானே. ராஜமாணிக்கம் அடித்தான், இவள் குழாயைத் திறந்தாள். இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை. ஒன்றில்லைதான், ஆனால் வெகுதூரமும் இல்லை. கண்ணில் நீர் முட்டுகிறது எனக்கு, கோபத்தில், வேறு ஒன்றுக்கும் இல்லை.

அதோ, வெள்ளை அடித்திருக்கிறார்கள் பாருங்கள் ஸ்டேஷன் பக்கச் சுவருக்கு. போன வாரம் பட்டப்பகலில் மூன்று சக்கர வண்டியில் புதுப் பீங்கான் வந்து இறங்கியது, உறைகூடப் பிரிக்கவில்லை, கல்யாணச் சீர் இறக்குகிற மாதிரி இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். தெருவே பார்த்தது. கொத்தனார் வந்தார், டைல்ஸ் வந்தது, கதவுக்கு நீல பெயிண்ட். பாட்டிலை எல்லாம் இரவோடு இரவாக எங்கே கொட்டினார்களோ. சப் கலெக்டர் வந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், இங்கே வழுக்காமல் வேறு எங்கே வழுக்கும் என்று அவருக்கே தோன்றும். எத்தனை மாதமாக இந்தப் பெண்கள் மனுப் போட்டார்கள், ஒரு கதவு மாற்றித் தர ஆளில்லை. ஒருத்தன் கை போனபிறகு கக்கூஸ் வந்தது. என் பேச்சுக்கு இப்போது என்ன மதிப்பு? கண்ணால் பார்க்கிற டைல்ஸா, கழுத்துச் சுருங்கிய ஒரு தையல்காரி பேச்சா? பேர் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. பேரைச் சொன்னால் நிற்கும், சொல்லாவிட்டால் விழும். போகாமலே இருந்துவிட்டால்? காய்ச்சல் என்று படுத்துவிட்டால்? ஏட்டையா சொன்ன மாதிரி உடம்புக்கு ஆகவில்லை என்று. படுத்துக்கொண்டு என்ன செய்வேன், அந்தக் கீரைக்காரி வாசலில் வந்து "அக்கா கீரை" என்று கூப்பிடுவாள், எழுந்து வந்து வாங்கவேண்டும்.

தாழ்ப்பாள் சத்தம். வந்துவிட்டாள். முகம் முழுக்க ஈரம், காலர் நனைந்திருக்கிறது, கண் சிவந்திருக்கிறது, சோப்பாலா அழுததாலா என்று நான் கேட்கப்போவதில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அக்கா, கிளம்பிட்டீங்களா?" பார்த்தால் தெரியவில்லையா? "உங்கள ஜீப்புல கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்கக்கா. இன்ஸ்பெக்டர்தான் சொன்னாரு." ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜீப் நிற்கிறது, டிரைவர் என் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அதுக்குத்தான் வந்தியா? கக்கூசுக்கு வரலையா நீ?"

"ரெண்டுக்கும்தான்க்கா."

"புதுசாப் பளிங்கு மாதிரி கட்டி வச்சிருக்கானுங்களே, அங்க போகவேண்டியதுதானே?"

"பூட்டி வச்சிருக்காங்கக்கா. சப் கலெக்டர் வந்து பாக்குற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாதாம். அழுக்காயிருமாம்."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. "வழியில என்கிட்ட என்ன பேசச் சொன்னாரு உங்க ராஜமாணிக்கம்?" என்று கேட்டேன். அந்தப் பேரை நான் மொட்டையாகச் சொன்னதும் அவள் தன்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணும் பேசச் சொல்லலக்கா. பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்னாரு. உள்ளயும் கூடவே போயி நிக்கணுமாம்." எப்பேர்ப்பட்ட ஆள். இவளை என் கண்ணெதிரே நிறுத்திவைத்தால் என் நாக்கு தானாக மடங்கிவிடும் என்று எனக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பொம்பளையின் இரக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று அளவெடுத்துத் தைத்திருக்கிறான். பையை எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். இவளைத் திட்டவேண்டும் போலவும் இருந்தது, இழுத்து உட்காரவைத்து ஒரு வாய் காப்பி கொடுக்கவேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யவில்லை.

"நான் பஸ்ஸுலதான் போவேன்" என்றேன். "உன் ஜீப்பு பின்னாடி வரட்டும், வராமப் போகட்டும். கேட்டுக்கோ சுகன்யா. சப் கலெக்டர் கேப்பாரு, யாரு உன் வீட்டுக்கு வந்தாங்கன்னு. நான் உன் பேரைச் சொல்லுவேன். அன்னைக்குச் சாயங்காலம் நீ எங்க நின்ன, என்ன பண்ணுனன்னு அதையும் சேத்துத்தான் சொல்லுவேன். நீ அழுதாலும் சொல்லுவேன். நீ அங்கயே என் மூஞ்சியப் பாத்துட்டு நின்னாலும் சொல்லுவேன்."

அவள் கையில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். மாட்டிவிடாதீங்க என்று கெஞ்சுவாள், தங்கச்சிகளைச் சொல்லுவாள், காலில் விழுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். தொப்பியைத் தலையில் வைத்து, கண்ணாடியில் பார்க்காமலே சரி செய்துகொண்டாள்.

"சொல்லும்போது இனிஷியலோட சொல்லுங்கக்கா. கே. சுகன்யா. ஸ்டேஷன்ல எம். சுகன்யான்னு இன்னொருத்தி இருக்கா, நீங்க பாத்ததில்ல, பிரசவத்துக்கு லீவுல போயிருக்கா. அடுத்த வாரம் டூட்டிக்கு வர்றா. கைக்குழந்தைக்காரி. தப்பா அவ மேல விழுந்துரக் கூடாது."